ஓணான் வளர்க்கிறவன் என்று சிரிக்கட்டும்!

"வேலியில போற ஓணானைப் பிடிச்சு வேட்டிக்குள்ள விட்டுக்கிட்டு, குத்துது குடையுதுன்னானாம்!" வீட்டில் ஒரு தாடி ஓணானை வைத்துக் கவனிக்கும் பிள்ளையின் காதில் இந்தப் பழமொழி விழாத வாரம் கிடையாது. தாய்மாமா சொல்வார். பால் ஊற்ற வருகிறவர் சொல்வார். கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் சொல்வார். கூடவே ஒரு சிரிப்பு. "படிக்கிற வயசுல இது எதுக்குடா உனக்கு?" என்று ஒரு கேள்வி.

தம்பி, தங்கை! திண்டுக்கல் நாகல் நகரிலோ பேகம்பூரிலோ, வேடசந்தூர், வத்தலக்குண்டு பக்கத்து ஊர்களிலோ இருந்து இதைப் படிக்கிற உன்னிடம்தான் பேசுகிறேன். அந்தச் சிரிப்புக்கு முன்னால் கூனிக் குறுகாதே. நிமிர்ந்து நில்! வெறும் வாய்ப்பேச்சால் நிமிர முடியாது, செய்கிற வேலையால் நிமிர். பரீட்சை நாளானாலும் பொங்கல் நாளானாலும், யார் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும், ஒரு வாயில்லா ஜீவனுக்குச் செய்ய வேண்டியதை அந்தந்த வேளையில் செய்து முடிக்கிறாயா? அப்படியானால் உன்னைப் பார்த்துச் சிரிக்கிற பலரிடம் இல்லாத ஒன்று உன்னிடம் இருக்கிறது. 'நான் செய்வேன்' என்று நீ சொன்னால், அந்தச் சொல்லை முதலில் நீயே நம்பலாம். தன்னம்பிக்கை என்று நான் சொல்வது இதைத்தான். மேடைப் பேச்சைக் கேட்டு ஏறுகிற சூடு வீடு வந்து சேர்வதற்குள் ஆறிவிடும். தினசரி வேலையில் ஊறுகிற நம்பிக்கை ஆறாது.

நீ வளர்ப்பது யாரை என்று முதலில் தெரிந்துகொள். கடைக்காரர்கள் பியர்டட் டிராகன் என்று சொல்கிற இந்த உயிரின் சொந்த ஊர் ஆஸ்திரேலியாவின் உட்பகுதியில் உள்ள வறண்ட நிலம். அறிவியல் பெயர் போகோனா விட்டிசெப்ஸ். நம் ஊர்க் கருவேல வேலியில் தலையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஓணானும் இதுவும் அகாமிடே என்ற ஒரே குடும்பம். பங்காளிகள்! வளர்ந்தால் வால் நுனிவரை ஒன்றரை அடியிலிருந்து இரண்டடி. எடை பெரும்பாலும் 300 முதல் 500 கிராம். மிரண்டாலோ சினந்தாலோ தொண்டைக்குக் கீழுள்ள முள்தோல் உப்பிக் கறுத்துவிடும். தாடி என்பது அதுதான். ஆஸ்திரேலிய அரசு தன் நாட்டு ஊர்வனவற்றை வியாபாரத்துக்காக உயிரோடு வெளியே அனுப்புவதில்லை. இன்று உலகமெங்கும் வீடுகளில் இருப்பவை கூண்டிலேயே பிறந்து பெருகிய பரம்பரை. காட்டில் தானாகப் பிழைக்கும் வாழ்க்கை அதற்குத் தெரியாது. முழுக்க முழுக்க உன் கையை நம்பித்தான் இருக்கிறது.

நல்ல கவனிப்பில் அது 10 வருஷம் வாழும். அதற்கு மேலும் வாழ்ந்தவை உண்டு. அந்த எண்ணை ஒரு தடவை உரக்கச் சொல்லிப் பார். பத்தாம் வகுப்பில் வாங்கினால் நீ கல்லூரி முடித்து வேலைக்குப் போய்ச் சில வருஷம் ஆன பிறகும் அது இருக்கும். ஆசை ஒரு மாதத்தில் அடங்கும். பொறுப்பு 10 வருஷம் நிற்கும். இதைக் கேட்டு உனக்குப் பயம் வந்தால் வாங்காதே. அந்த முடிவிலும் ஒரு மானம் இருக்கிறது. பயம் வராமல் உற்சாகம் வந்தால், வா, மேலே பேசுவோம்.

நாய்க்குப் பசித்தால் வந்து காலைச் சுற்றும். மாட்டுக்குத் தண்ணீர் வேண்டுமென்றால் கத்தும். ஓணான் கத்தாது. பசித்தாலும், உடம்புக்கு முடியாவிட்டாலும், விளக்குச் சூடு அதிகமானாலும் சத்தமில்லாமல் கிடக்கும். நீயாகப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். கண் பளிச்சென்று திறந்திருக்கிறதா? நீ கிட்டே போனதும் தலையைத் தூக்குகிறதா? நேற்றுப் போட்ட எச்சம் கெட்டியா, தண்ணியா? நடக்கும்போது வயிறு தரையைத் தேய்க்கிறதா, தூக்கி நடக்கிறதா? இப்படி உற்றுப் பார்க்கிற கண் உனக்கு வாய்த்துவிட்டால், நாளை நீ டாக்டரானாலும் மெக்கானிக்கானாலும் மில்லில் சூப்பர்வைசரானாலும் அந்தக் கண் உனக்குச் சோறு போடும்.

சூடு விஷயத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். குளிர் நாட்டுக்காரர்கள் எழுதிய புத்தகங்களில் முக்கால்வாசி, எப்படிச் சூடு ஏற்றுவது என்றுதான் இருக்கும். ஓணானுக்கு உட்கார்ந்து காய ஒரு இடத்தில் 38 முதல் 42 டிகிரி செல்சியஸ் வேண்டும், கூண்டின் மறுகோடியில் 25 முதல் 30 டிகிரி வேண்டும். சூடு ஏறியதும் நிழலுக்குப் போகும், குளிர்ந்ததும் திரும்பி வரும். தன் உடம்பின் சூட்டை அது இப்படி இடம் மாறித்தான் சரிசெய்துகொள்கிறது. திண்டுக்கல்லில் உனக்கு வரும் சவால் நேர் எதிரானது. சித்திரை மத்தியானத்தில் மொட்டை மாடிக்குக் கீழே இருக்கிற அறையே அனலாகக் கொதிக்கும்போது 'குளிர்ந்த கோடி' எங்கிருந்து வரும்? புத்தகத்தில் போட்டிருக்கிறது என்று அப்போதும் சூட்டு பல்பை எரியவிட்டால் அது வெந்து சாகும்.

ஆகவே நீ உன் ஊருக்கு ஏற்றபடி யோசி. 4 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரத்தில் ஒட்டுப்பலகைக் கூண்டு ஒன்றை ஆசாரியிடம் சொல்லிச் செய்துகொள். பக்கவாட்டில் நன்றாகக் காற்றோட வலை அடிக்கச் சொல். வெயில் அறையாத அறையில், தரையோடு வை. இரண்டு கோடியிலும் ஒவ்வொரு தெர்மாமீட்டர் மாட்டு. காலையில் மட்டும் பல்பைப் போடு. உச்சியில் அறைச் சூடு ஏறியதும் அணை. குளிர்ந்த கோடிக்கு மேலே நனைத்த சாக்கைத் தொங்கவிடு. மார்கழி இரவில் நம் சமவெளிக் குளிர் அதைப் பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. விளக்கை அணைத்து இருட்டில் தூங்கவிடு. காய்கிற இடத்தில் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தால் பதறாதே, சூட்டை வெளியேற்றுகிறது. நிழலுக்கு வந்த பிறகும் திறந்த வாய் மூடவில்லை, உடம்பு துவள்கிறது என்றால்தான் ஆபத்து. உடனே குளுமையான இடத்துக்கு மாற்று. ஐஸ் தண்ணீரை ஊற்றிவிடாதே.

எந்தப் புத்தகமும் திண்டுக்கல்லுக்கென்று எழுதப்படவில்லை. பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய ஊர் இது. கையால் அரத்தைத் தேய்த்து, ஒரு பூட்டின் சாவி அடுத்த பூட்டுக்குப் பொருந்தாதபடி செய்த பரம்பரை உன் ஊரில் இருக்கிறது. உன் வீட்டுக்குப் பொருந்துகிற கூண்டை உன்னால் யோசித்துச் செய்ய முடியாதா? முடியும்!

தீனிக்கு வருவோம். இங்கேதான் உன் ஒழுங்கு தெரியும்.

குட்டியாக இருக்கும்போது அதற்குப் பூச்சிதான் பிரதானம். ஒரு நாளைக்கு இரண்டு மூன்று வேளை, ஒவ்வொரு வேளையும் 10, 15 நிமிஷத்தில் எவ்வளவு தின்னுமோ அவ்வளவு. பூச்சியின் அளவுக்கு ஒரு கணக்கு உண்டு. அதன் இரண்டு கண்களுக்கும் நடுவே உள்ள இடைவெளியைவிடப் பெரிய பூச்சியைக் கொடுக்கக் கூடாது. மீறினால் செரிக்காமல் அடைத்துக்கொள்ளும். வளர வளர இந்தக் கணக்கைத் தலைகீழாக மாற்ற வேண்டும். முழுசாக வளர்ந்ததற்குத் தினமும் கீரை, பூச்சி வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை மட்டும். ஆசையாகத் தின்கிறதே என்று பெரிய ஓணானுக்குத் தினமும் பூச்சி போட்டுக் கொழுக்கவைப்பது பாசமல்ல. ஈரலில் கொழுப்பேறிச் சாகும்.

கீரைக்கு நீ எங்கும் அலைய வேண்டியதில்லை. ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தை இருக்கிற மாவட்டத்துக்காரன் நீ. கொல்லையில் ஒரு முருங்கை நின்றால் இன்னும் நல்லது. காம்பை உருவிவிட்டு, இலையைப் பொடியாக நறுக்கி, பரங்கிக்காயைத் துருவிக் கலந்து, மேலே ஒரு செம்பருத்திப் பூவைக் கிள்ளிப் போட்டு வைத்துப் பார். முதலில் தலையைச் சாய்த்து ஒரு கண்ணால் பார்க்கும். அப்புறம் அந்தத் தடித்த ஈர நாக்கு முன்னால் வரும், பூ இதழ் அதில் ஒட்டிக்கொண்டு உள்ளே போகும். முள் நீக்கிய சப்பாத்திக்கள்ளி மடலையும் தின்னும். பாலக்கீரை, பசலைக்கீரை, தண்டுக்கீரையைத் தினசரித் தீனி ஆக்காதே. அவற்றில் உள்ள ஆக்சலிக் அமிலம் சுண்ணாம்புச் சத்தைக் கட்டிப்போட்டு, உடம்பில் சேரவிடாமல் செய்துவிடும். வெங்காயம், பூண்டு, அவகாடோ பக்கமே போகாதே. எந்தக் கீரையானாலும் மருந்து அடித்திருக்கும் என்றே நினைத்துக்கொண்டு, தண்ணீரில் ஊறவைத்து இரண்டு மூன்று தடவை அலசு. கடைசியாக அலசிய ஈரத்தோடேயே வை. இலையில் நிற்கும் சொட்டுத்தான் அதற்குப் பாதிக் குடிநீர்.

பூச்சியை வயலிலும் தோட்டத்திலும் பிடித்து வந்து போடாதே. நிலக்கோட்டைப் பக்கம் மல்லிகைத் தோட்டத்தில் மருந்து தெளிப்பதை நீ பார்த்திருப்பாய். அந்தச் செடியிலிருந்து தாவி வரும் வெட்டுக்கிளியின் வயிற்றில் என்ன இருக்கும்? மழைக்காலத்தில் ஜன்னல் வழியே மின்மினி பறந்து வந்தால் கூண்டுக்குள் விழாமல் பார்த்துக்கொள். மின்மினி தின்று தாடி ஓணான்கள் செத்துப்போனதை வட அமெரிக்கக் கால்நடை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

அப்படியானால் பூச்சிக்கு எங்கே போவது? சுவர்க்கோழி என்கிற சிள்வண்டை நீயே வளர்! ஒரு பிளாஸ்டிக் டப்பா, காற்று போக மூடியில் கம்பிவலை, உள்ளே நாலைந்து முட்டை அட்டை, ஒரு கிண்ணம் ஈர மண். சிள்வண்டு முட்டையிட இவ்வளவு போதும். திண்டுக்கல் சூடு அதற்குக் கொண்டாட்டம். தவிடும் கேரட் துண்டும் போட்டு வளர்த்து, ஓணானுக்குக் கொடுப்பதற்கு ஒரு நாள் முன்பிருந்து நல்ல கீரை தின்னவை. பூச்சி தின்றதெல்லாம் ஓணானுக்குத்தான் போகப்போகிறது. மிச்சம் விழுந்த சிள்வண்டுகளை ராத்திரி கூண்டில் விடாதே, தூங்குகிற ஓணானைக் கடிக்கும். கடையில் காசைக் கொட்டிப் பூச்சி வாங்கியவனும் உண்டு. ஈர மண்ணிலிருந்து பொரித்து வருகிற எள்ளளவுக் குஞ்சுகளைக் குனிந்து பார்த்தவனும் உண்டு. இரண்டாமவனிடம் தொழில் செய்கிற தைரியம் தானாக வந்துவிடும்.

இப்போது சொல்லப்போவதைக் கவனமாகக் கேள். இந்த உயிர் வீடுகளில் சாகிற சாவுக்குப் பெரிய காரணங்களில் ஒன்று எலும்பு நோய். வெயிலில் உள்ள யு.வி.பி கதிர் தோலில் பட்டால்தான் அதன் உடம்பில் வைட்டமின் டி3 உருவாகும். டி3 இருந்தால்தான் தின்ற சுண்ணாம்புச் சத்து எலும்பில் சேரும். கதிர் இல்லாவிட்டால் உடம்பு எலும்பிலிருந்தே சுண்ணாம்பை உருவிக்கொள்ளும். தாடை ரப்பர் மாதிரி வளையும். கால் கோணும். விரல்கள் தானாகத் துடிக்கும். கடைசியில் முன்னால் இருக்கிற தீனியைக் கவ்வ முடியாமல் பார்த்துக்கொண்டே கிடக்கும்.

இது விதியல்ல! முழுக்க முழுக்கத் தடுக்கக்கூடியது. சாதாரண எல்.இ.டி விளக்கில் இந்தக் கதிர் கிடையாது. கண்ணாடி வழியாகவும் வராது. ஊர்வனவற்றுக்கென்றே விற்கிற யு.வி.பி குழல் விளக்கை வாங்கி, ஒரு நாளைக்கு 12 மணி நேரம் எரியவிடு. அதுவும் ஆறு மாதத்திலிருந்து ஒரு வருஷத்துக்குள் கதிர் தீர்ந்துபோகும், வெளிச்சம் மட்டும் எரிந்துகொண்டே இருக்கும். மாட்டிய தேதியை விளக்கின் ஓரத்திலேயே எழுதி ஒட்டு. காலை 9 மணிக்குள் இளவெயிலில், நிழலும் உள்ள வலைக்கூண்டில், பக்கத்திலேயே நீ இருந்து ஓணானைக் கொஞ்ச நேரம் காட்டு. காக்கையும் பூனையும் காத்திருக்கும், எழுந்து போகாதே. கண்ணாடித் தொட்டியோடு வெயிலில் வைத்தால் சில நிமிஷத்தில் வெந்துவிடும். குட்டிக்குப் போடும் பூச்சியைச் சுண்ணாம்புச் சத்துப் பொடியில் புரட்டிப் போடு. எத்தனை நாளைக்கு ஒரு முறை, எவ்வளவு என்பதை வயதைச் சொல்லி மருத்துவரிடம் கேட்டுக்கொள். அளவு மீறினால் டி3யும் கெடுதல்தான்.

கூண்டில் மணல் கொட்டாதே, குட்டி தீனியோடு விழுங்கிக் குடல் அடைக்கும். பழைய செய்தித்தாளோ டைலோ போதும். ஒரு கூண்டில் ஒன்று மட்டும், இரண்டு ஆண்கள் சேர்ந்தால் ரத்தம்தான். தொட்ட பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவு, சால்மோனெல்லா கிருமி அதன் எச்சத்தில் இருக்கலாம். சமையலறைத் தொட்டியில் அதைக் குளிப்பாட்டாதே. ஐந்து வயதுக்குக் கீழே உள்ள தம்பி தங்கைகள் கையில் கொடுக்காதே.

ஒரு நோட்டு வை. தேதி, தீனி, எச்சம், இரண்டு கோடிச் சூடு, வாரம் ஒரு தடவை எடை. ஒரு டப்பாவைத் தராசில் வைத்துச் சுழியாக்கிவிட்டு அதில் ஓணானை உட்காரவைத்தால் எடை தெரிந்துவிடும். குளிர் மாதங்களில் வளர்ந்தது சில சமயம் தீனியைக் குறைத்துக்கொண்டு மூலையில் தூங்கும். அது இயல்பான ஓய்வா நோயா என்று எப்படித் தெரியும்? உன் நோட்டுத்தான் சொல்லும். எடை நின்றால் ஓய்வு. எடை இறங்கிக்கொண்டே போனால் நோய். மருத்துவர் முன்னால் போய் "ரெண்டு நாளா ஒரு மாதிரி இருக்கு சார்" என்கிறவன் ஒரு ரகம். "மூணு வாரத்துல நாற்பது கிராம் கொறஞ்சிருக்கு சார், இதோ கணக்கு" என்று நீட்டுகிறவன் இன்னொரு ரகம். நீ இரண்டாவது ரகமாக இரு! எந்த அதிகாரியும் எந்த முதலாளியும் மரியாதை கொடுப்பது அந்த ரகத்துக்குத்தான்.

'நமக்கு யார் சொல்லித் தருவா' என்கிறாயா? இங்கிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அன்னா வில்கின்சனும் அவருடைய குழுவினரும் இதே தாடி ஓணான்களை வைத்து ஒரு ஆய்வு செய்து 2014இல் வெளியிட்டார்கள். ஒரு ஓணான் ஒரு கதவைப் பக்கவாட்டில் தள்ளித் திறப்பதை மற்ற ஓணான்களுக்குக் காட்டினார்கள். பார்த்தவை அதே பக்கமாகத் தள்ளித் திறந்தன. கதவு தானாக நகர்வதை மட்டும் பார்த்தவற்றால் திறக்க முடியவில்லை. இன்னொன்று செய்வதைப் பார்த்துக் கற்றுக்கொள்ள ஓணானுக்கே முடிகிறது. உனக்கு முடியாதா?

ஊர்வனவற்றை அறிந்த அறிவு ஒரு மனிதனை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதற்கு நம் மாநிலத்திலேயே சாட்சி இருக்கிறது. மாசி சடையன், வடிவேல் கோபால். செங்கல்பட்டுப் பக்கத்து இருளர்கள். அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலத்துச் சதுப்பு நிலங்களில் மலைப்பாம்புகள் பெருகி, அந்த ஊர்க் காட்டுயிர்களைத் தின்று தீர்த்துக்கொண்டிருந்தன. 2017இல் அந்த மாநில வனவுயிர்த் துறை இந்த இருவரையும் மொழிபெயர்ப்பாளர்களோடு அழைத்துப்போனது. புல் மடங்கியிருக்கிற விதத்தையும் தரையில் இழுபட்ட தடத்தையும் பார்த்து அவர்கள் மலைப்பாம்புகளைப் பிடித்துக் கொடுத்தார்கள். 2023இல் இந்திய அரசு இருவருக்கும் பத்மஸ்ரீ அறிவித்தது. 'பாம்பு பிடிக்கிறவன்' என்று ஒதுக்கிய சமூகம் எழுந்து நின்று கைதட்டியது.

அந்தக் கதையின் மறுபக்கத்தையும் படி. ஃப்ளோரிடாவில் அத்தனை மலைப்பாம்புகள் எப்படி வந்தன? செல்லமாக வளர்க்க இறக்குமதியானவை. தப்பியவையும், வளர்க்க முடியாமல் ஆட்கள் கொண்டுபோய் விட்டவையும் பெருகிய கூட்டம் அது. ஆகவே நாளைக்கு உன்னால் முடியாமல் போனால் சிறுமலை அடிவாரத்தில் கொண்டுபோய் விட்டுவிடலாம் என்று கனவிலும் நினைக்காதே. வளர்க்கத் தெரிந்த ஒருவரைத் தேடிக் கையில் ஒப்படை.

சட்டத்திலும் தலை நிமிர்ந்து நில். 1972ஆம் வருஷத்து வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தை 2022இல் திருத்தினார்கள், 2023 ஏப்ரல் 1 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. நட்சத்திர ஆமை, உடும்பு, பச்சைக்கிளி ஆகியவற்றை வீட்டில் வைத்திருப்பது குற்றம். வெளிநாட்டு உயிர்களிலும், வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேசப் பட்டியலில் உள்ளவற்றை அரசிடம் பதிவு செய்ய வேண்டும். பட்டியல்கள் மாறக்கூடியவை. வாங்குவதற்கு முன்பே மாவட்ட வன அலுவலகத்தில் போய்க் கேள். எங்கே பிறந்தது என்று கேள், ரசீது கேள். "அதெல்லாம் எதுக்கு தம்பி, பையில போட்டுத் தர்றேன்" என்று சொல்கிற கடையைவிட்டுத் திரும்பி நடக்கிற துணிச்சல் உனக்கு வேண்டும். அதேபோல, ஊர்வன பார்க்கத் தெரிந்த கால்நடை மருத்துவர் யார், எங்கே என்று முன்கூட்டியே விசாரித்து வை. ஆடு மாடு பார்க்கிற எல்லாரும் இதைப் பார்ப்பதில்லை.

இன்னொன்று. ராமருக்கு அணில் இளநீர் கொடுத்தது, ஓணான் சிறுநீர் கொடுத்தது என்று ஒரு கதையைச் சொல்லிக்கொண்டு, நம் கிராமங்களில் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாக ஓணானைக் கல்லால் அடித்து வந்திருக்கிறார்கள். பூச்சியைத் தின்று வயலைக் காக்கிற அந்த உயிர் என்ன பாவம் செய்தது? ஓணானின் கண்ணைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தவன் நீ. உன் தெருவில் ஒருவன் கல்லெடுத்தால் அவன் கையைப் பிடி. சத்தம் போடாமல், அவனைக் கூட்டிவந்து உன் கூண்டின் முன்னால் உட்காரவை. முருங்கை இலையை அவன் கையில் கொடுத்து நீட்டச் சொல்.

நாளைக் காலை ஆறு மணிக்கு அலாரம் வை. எழுந்ததும் போனை எடுக்காதே. விளக்கைப் போடு, இரண்டு தெர்மாமீட்டரையும் பார், கிண்ணத்துத் தண்ணீரை மாற்று, கீரையை அலசி நறுக்கு, நோட்டில் தேதியை எழுது. உன்னிடம் இன்னும் ஓணான் இல்லை என்றால் பரவாயில்லை. மூன்று மாதம் சிள்வண்டு டப்பாவையும் கீரைத் தொட்டியையும் ஒரு நாள் விடாமல் கவனித்துக் காட்டு. அந்த நோட்டை உன் அப்பா அம்மா முன்னால் வைத்துவிட்டு, அதற்கப்புறம் கேள், "எனக்கு ஒரு ஓணான் வாங்கித் தருவீங்களா?" என்று.